ஒன்றாம் வகுப்புதானே!

கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத்தில், நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறையில் ஆண்டுதோறும் நடந்தேறும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. எந்த வகுப்பு எவருக்கு என்று பங்கிடும் அந்த வேளையில், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் உரிமையோடு கேட்டுப் பெற்றுக்கொள்ள, எஞ்சி நிற்கும் முதல் வகுப்பு, அன்றைக்குத்தான் பணிநியமன ஆணையைக் கையில் ஏந்தி வந்து, எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் புதியவரின் தலையில் வந்து விழுகிறது. அவர் முகத்தில் படரும் கலக்கத்தைக் கண்டு மற்றவர்கள் சொல்லும் ஆறுதல் மொழியும் பெரும்பாலும் ஒன்றேதான்: "ஒன்றாம் வகுப்புதானே, சமாளித்துவிடலாம்!" தொடக்கக் கல்வியைப் பற்றி நம் சமூகம் கொண்டிருக்கும் அபிப்பிராயம் முழுவதும் அந்தத் 'தானே' என்ற இரண்டெழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

கல்வியை, அடிவாரத்தில் எளிதாகவும் ஏற ஏறக் கடினமாகவும் இருக்கும் ஒரு மலையாக நாம் எண்ணிக்கொண்டோம். ஆகவே அடிவாரத்தில் நிற்பவருக்குச் சொற்பத் திறமையே போதும் என்றும் முடிவு கட்டிவிட்டோம். உண்மை நேர்மாறானது. கல்லூரிப் பேராசிரியர் தமக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசும்போது, எதிரில் அமர்ந்திருப்பவனும் அந்த விஷயத்தின் பரிபாஷையை ஓரளவு அறிந்தவனாகவே இருக்கிறான். முதல் வகுப்பு உபாத்தியாயருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 'அ' என்ற எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம் செவிக்குள் ஓர் ஒலி எழுகிறதே ஒழிய, ஒரு சுழியும் ஒரு வளைவும் ஒரு கோடும் சேர்ந்த விசித்திரமான சித்திரமாக அது நம் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை; ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது சித்திரமே அன்றி வேறன்று. அந்தச் சித்திரம் எப்போது, எப்படி ஒலியாக மாறியது என்பதை நாம் அறவே மறந்துவிட்டோம். மறந்துபோன அந்த அறியாமையை மீண்டும் தம் நினைவுக்குக் கொண்டுவர வல்லவரே சிறு பிள்ளைகளுக்கு உபாத்தியாயராகத் தக்கவர் என்பதும், அந்த வல்லமை பட்டங்களைக் காட்டிலும் அரிதானது என்பதும், ஆகையினால் முதல் வகுப்பே பள்ளியின் தலைசிறந்த ஆசிரியருக்கு உரிய ஸ்தானம் என்பதும் என் கட்சி.

இந்தக் கட்சிக்கு என்னைத் திருப்பியவர், வாணியம்பாடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் முதல் வகுப்பிலேயே இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். தோல் பதனிடும் தொட்டிகளில் கூலி வேலை செய்த தகப்பனாருக்குப் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சிலேட்டைக் கையில் பிடித்தவர் அவர். லகர, ளகர, ழகர பேதம் பிடிபடாமல் மூன்றாம் வகுப்பு வரையில் முழங்காலிட்டே காலத்தைக் கழித்ததாகத் தம்மைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியர் பயிற்சியையும் முடித்து, இடைநிலை ஆசிரியராக அமர்ந்த அவர், தலைமையாசிரியர் மாறுந்தோறும் புதியவரிடம் போய், "எனக்கு ஒன்றாம் வகுப்புதான் வேண்டும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வாராம். கேட்கப்பட்டவர்கள் இதைத் தியாகம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டார்களே தவிர, இதிலே ஒரு வித்தை இருக்கிறது என்று ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

அந்த வித்தை மே மாதத்தில் நடந்தது. பள்ளி மூடிய பிறகு, தமக்குத் தெரியாத ஏதேனும் ஒரு மொழியின் அரிச்சுவடியை வாங்கி வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, சிலேட்டும் பலப்பமுமாக அவர் எழுதிப் பழகுவார். ஓர் ஆண்டு தெலுங்கு, ஓர் ஆண்டு கன்னடம், ஓர் ஆண்டு மலையாளம். மொழியைக் கற்றுக்கொள்ளும் உத்தேசம் அவருக்கு இருக்கவில்லை. நாலைந்து எழுத்து கைக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். "எதற்கு ஐயா இந்த வேண்டாத வேலை?" என்று நான் கேட்டபோது அவர் தந்த விடையை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

"தம்பி, வருஷம் பூராவும் எழுத்துச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து, எழுத்து என்றால் கஷ்டம் என்பதே எனக்கு மறந்துபோகிறது. மறந்துபோனவன் கையிலேதான் பிரம்பு ஏறும். அதனால் ஜூன் பிறக்குமுன் நானும் ஒரு மாதம் மக்காக இருந்து பார்த்துக்கொள்கிறேன்."

பிறகு தணிந்த குரலில் ஒரு பழைய கதையைச் சொன்னார். பணியில் சேர்ந்த புதிதில், 'ட' எழுதச் சொன்னால் அதை இடம் வலமாகத் திருப்பிப் போடும் ஒரு பையன் அவர் வகுப்பில் இருந்தான்; இடக்கைப் பழக்கம் வேறு. வேண்டுமென்றே செய்கிறான் என்று கருதி, விரல் கணுக்களில் அடித்து அடித்து அவனை வலக்கைக்கு மாற்றப் பார்த்தார். சில ஆண்டுகள் கழித்து ஒரு கோடையில் உருது அரிச்சுவடியைப் பிரித்துவைத்துக்கொண்டு வலமிருந்து இடமாக எழுத முயன்றபோது, நாற்பது வயதை நெருங்கிய அந்தக் கை, பழகிய திசையை விட மறுத்துத் தடுமாறி, ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாகவும் திருப்பியும் போட்டது. பக்கத்து வீட்டு ஏழு வயதுச் சிறுவன் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தானாம். "அவன் சிரித்தான், எனக்கு அந்தப் பழைய பையனுடைய விரல்தான் கண்முன் வந்தது. அன்றைக்குப் பிரம்பை எடுத்துப் பரண்மேல் போட்டதுதான், அப்புறம் இறக்கவேயில்லை" என்றார்.

அவருடைய வகுப்பை ஒரு நாள் முழுதும் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வாரங்களுக்குச் சிலேட்டு வெளியே வராது. பேச்சும் பாட்டும் புளியங்கொட்டை ஆட்டமும்தான். எழுத்து தொடங்கும்போதும் 'அ' முதல் வரிசையாகத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பெயரே முதல் பாடம். தன் பெயரைத் தரையில் கண்ட குழந்தை அதைத் தாண்டிப் போக மனமின்றிச் சுற்றிச் சுற்றி வரும் அழகை அங்கே கண்டேன். கரும்பலகையின் அடிப்பாகத்தில், பிள்ளைகளின் கண்மட்டத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே எழுதுவார். மேல்பாதி வருஷம் முழுவதும் வெறுமையாகவே இருக்கும். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பலகையை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்று குறிப்பேட்டில் குறை எழுதிவிட்டுப் போனாராம்; பெரியவர் அதைப் படித்துவிட்டு, அதற்குக் கீழே மரியாதையாகக் கையொப்பமிட்டிருக்கிறார்.

ஓர் உபாத்தியாயரின் பூர்வோத்தரம் என்று நாம் விசாரிக்கும்போது, அவர் எந்தக் கல்லூரியில் படித்தார், எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதோடு நின்றுவிடுகிறோம். அவர் குழந்தையாக இருந்தபோது பள்ளிக்கூடம் அவருக்கு என்ன செய்தது, அதை அவர் நினைவில் வைத்திருக்கிறாரா, நினைவில் வைத்திருந்தால் அதை அடுத்த தலைமுறையின்மேல் இறக்கிவைக்கிறாரா, அல்லது தம்மோடு நிறுத்திக்கொள்கிறாரா என்ற கேள்விகளை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. நமக்குக் கற்பித்த விதத்திலேயே நாமும் கற்பிப்பது மனித சுபாவம். அந்தச் சுபாவத்தின் சங்கிலியை அறுத்தவர்களையே கல்விச் சரித்திரம் பெரியோர் என்று போற்றுகிறது.

அத்தகையோரில், நம் நாட்டில் முதன்மையாக நினைக்கத்தக்கவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா. 1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சௌராஷ்டிரப் பகுதியில் பிறந்த அவர், பள்ளிக்கூடத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாமல், பிழைப்புத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, திரும்பி வந்து பம்பாயில் சட்டம் பயின்று, வக்கீலாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர். 1913-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இந்தப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற, எல்லாத் தகப்பன்மாருக்கும் வருகிற கவலை அவருக்கும் வந்தது. ஆனால் தாம் சிறு வயதில் கண்ட பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்த்தபோது, அந்த இடத்திற்கு மகனை அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைத் தேடிப் படித்தார். 1916-இல் வக்கீல் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பாவநகரிலிருந்த தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்து, 1920-இல் அங்கே சிறு குழந்தைகளுக்கென்று பால மந்திரத்தைத் தொடங்கினார். 'மீசை வைத்த தாய்' என்று குஜராத்து மக்கள் அவரைச் செல்லமாக அழைத்தார்கள். 1939 ஜூன் மாதத்தில், ஐம்பத்து நாலு வயது நிறைவதற்கு முன்பே அவர் மறைந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில், அவர் தூரத்திலிருந்தே குருவாகக் கொண்டிருந்த மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாற்றுக்கு வந்திறங்கினார் என்பது சரித்திரத்தின் விளையாட்டுகளில் ஒன்று.

கிஜுபாயின் 'பகல் கனவு' என்ற நூல் தமிழிலும் கிடைக்கிறது. கல்வி அதிகாரி ஒருவரிடம் அனுமதி பெற்று, நாலாம் வகுப்பு ஒன்றை ஓராண்டுக்கு ஏற்று நடத்தும் ஓர் உபாத்தியாயர் கதையாகச் சொல்வதாக அமைந்த அந்த நூலைப் புகழ்பவர்கள், அதில் வரும் கதை சொல்லலையும், விளையாட்டுகளையும், ஆளுக்கொரு பாடப் புத்தகம் வாங்கும் பணத்தைத் திரட்டி வகுப்புக்கென்று ஒரு நூலகம் அமைத்த யுக்தியையும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கோ அந்த நூலின் உயிர்நிலை அதன் முதல் நாளில் இருப்பதாகவே தோன்றுகிறது. புத்தகங்களில் படித்த முறைகளையெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த அந்த உபாத்தியாயர், மௌனமாக அமரும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கிவைக்க, பிள்ளைகளோ விதவிதமாகக் கூச்சலிட்டு அவரைப் பரிகாசம் செய்துவிடுகிறார்கள். அவர் தோற்றுப்போய் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தோற்றவர் பிரம்பைத் தேடவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் என்று தீர்ப்புக் கூறவுமில்லை. தமக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, மறுநாள் ஒரு கதையோடு வருகிறார். வாணியம்பாடிப் பெரியவர் உருது சிலேட்டின்முன் அடைந்த ஞானமும் இதுவே. தெரியாமையை ஒப்புக்கொண்டவரால்தான் தெரியாதவரோடு பேச முடிகிறது.

இந்த இடத்தில், கற்பிக்கும் முறைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முறைகள் தேசம் விட்டுத் தேசம் பிரயாணம் செய்யும். அவற்றைப் பிறப்பித்த மனம் கூடவே போவதில்லை. 1789-க்குப் பின் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, அதனையும் மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் வரிசையில் நிறுத்தும் யந்திரமாகிவிட்டது. நம் திண்ணைப் பள்ளிகளைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் சட்டாம்பிள்ளையின் கொடுமையும், பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. மணலின் குளிர்ச்சி முறையில் இல்லை, அதைத் தூவிய கையில் இருந்தது என்பதே சொல்ல வந்த விஷயம்.

நம் காலத்திலும் நல்ல முறைகளுக்குக் குறைவில்லை. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைத் தரையில் வட்டமாக அமரவைத்து, அட்டைகளும் ஏணிப்படியுமாக, அவரவர் வேகத்தில் முன்னேற வழி வகுத்தது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கென்றே தாழ்ந்த கரும்பலகை வந்ததும் அப்போதுதான். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையறிந்து பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. இவை யாவும் மனமார வரவேற்கத்தக்கவை. ஆனால் படி இறங்கத் தெரிந்த ஓர் உபாத்தியாயர் இல்லாத வகுப்பில், ஏணிப்படி சுவரில் ஒட்டிய வெறும் படமாகிவிடுகிறது. அரும்பு என்ற அழகிய சொல்கூட, மக்கு என்பதற்கு நாகரிகமான மறுபெயராகிவிடுகிறது. 'நீ இன்னும் அரும்பிலேயே இருக்கிறாயா?' என்று ஒரு தாய் தன் பிள்ளையைப் பள்ளி வாசலிலேயே கடிந்துகொண்டதை நான் காதாரக் கேட்டேன்.

அத்தகைய உபாத்தியாயரைத் தேடிக் கண்டெடுக்க நாம் வைத்திருக்கும் சல்லடை எப்படிப்பட்டது? ஐந்தாம் வகுப்பு வரையில் கற்பிக்க விரும்புவோர் எழுத வேண்டிய தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்கள்; நாலு விடைகளில் ஒன்றைச் சுட்டினால் போதும். அவற்றில் குழந்தையின் வளர்ச்சியையும் மனத்தையும் பற்றியவை 30. உளவியலறிஞர் பியாஜே என்ன சொன்னார் என்று தெரிந்தவர் இதில் தேறிவிடலாம். எதிரில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தை என்ன சொல்கிறது என்பது தெரியாவிட்டாலும் தேறிவிடலாம். தேறி, காத்திருந்து, பணியில் அமர்ந்தவருக்கோ வேறு சங்கடங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொண்டு, ஒரே கூடத்தில் ஒரு பக்கம் 'அணில்' என்றும் மறு பக்கம் பின்னக் கணக்கு என்றும் நடத்த வேண்டும். எஞ்சிய நேரத்தை 'எமிஸ்' எனப்படும் இணையப் பதிவேடு விழுங்குகிறது. 2009 ஜூன் மாதம் முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதற்கு முன் சேர்ந்தோரைவிடக் குறைந்த அடிப்படை ஊதியம் நிர்ணயிக்கப்பட்டதும், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் தலைநகரில் மீண்டும் மீண்டும் உண்ணாவிரதம் இருந்ததும் பத்திரிகை வாசகர்கள் அறிந்த விஷயம். இவற்றுக்கெல்லாம் மேலே, ஒருவர் நன்றாகக் கற்பித்தால் நாம் அவருக்குத் தரும் வெகுமதி என்ன? பதவி உயர்வு என்ற பெயரில் அவரைச் சிறு பிள்ளைகளிடமிருந்து பிரித்து மேல் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம்!

இதற்கு ஆட்சேபம் எழாமல் இராது. பிள்ளைகளின் மட்டத்திற்கு இறங்குகிறேன் என்று எல்லோரும் இறங்கிவிட்டால் ஏற்றிவிடுவது யார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறதே, இந்தக் கனிவுதானே காரணம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் வாணியம்பாடிப் பெரியவர் கனிவு மட்டும் நிரம்பியவர் அல்லர், கறாரானவர். ஒரு பிள்ளை தன் பெயரைத் தப்பாக எழுதினால், சரியாக வருகிற வரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அடுத்த பாடத்திற்குத் தாவ மாட்டார். பாடத்திட்டத்தின் வேகத்துக்கு ஓடி, புரியாத பிள்ளையைப் புரியாதபடியே அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுகிறவரே உண்மையில் கண்டிப்பற்றவர். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டுகிற பிள்ளையை, முதல் வகுப்பில் எவரும் அதன் பக்கத்தில் உட்காராமல் விட்ட பிள்ளை என்றே நான் எண்ணுகிறேன்.

ஆகவே அரசுக்கும் கல்வித் துறைக்கும் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒன்றாம் வகுப்பை இனிமேல் புதியவர் தலையில் கட்டாமல், பள்ளியில் சிறந்தவர் என்று பெயரெடுத்த மூத்தவருக்கு, அவர் விரும்பினால் கூடுதல் ஊதியத்தோடு, ஒரு கௌரவமாக அளிக்க வேண்டும். அவர் அதிலேயே நீடிக்க விரும்பினால் பதவி உயர்வின் பலன் அங்கேயே அவரைத் தேடி வர வேண்டும். புதியவர் ஓராண்டு அவர் அருகில் அமர்ந்து பார்க்கட்டும். இரண்டாவது, பதிவேட்டு வேலைகளைச் செய்ய ஒன்றியத்துக்குச் சில எழுத்தர்களை நியமித்து, ஆசிரியரின் கைப்பேசியைப் பள்ளி நேரத்தில் ஓயவிட வேண்டும். மூன்றாவதைக் கேட்டால் சிலர் நகைக்கக்கூடும். ஆசிரியர் பயிற்சி நிலையங்களில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதம், மாணவ ஆசிரியர்கள் தமக்கு அறவே தெரியாத ஒரு மொழியின் எழுத்தை, சிலேட்டில், ஒருவர் முன்னிலையில், தப்புத் தப்பாக எழுதிக் கற்க வேண்டும். செலவு ஓர் அரிச்சுவடியின் விலைதான். பியாஜேயின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட அது அதிகம் கற்பிக்கும் என்பதற்கு உருது தெரியாத ஓர் உபாத்தியாயரே சாட்சி.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மே மாதம், திண்ணையில் சிலேட்டும் பலப்பமும் இருந்தன, பக்கத்தில் புதிதாக வாங்கிய ஒரு வங்காளி அரிச்சுவடி. "இனி வகுப்பு ஏது ஐயா, இது எதற்கு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு, "மே மாதம் வந்தால் கை தேடுகிறது, தம்பி" என்று சொல்லிவிட்டு, தாம் எழுதியிருந்த ஓர் எழுத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இது சரியா, தப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் கொடுத்து, பலப்பத்தை என்னிடம் நீட்டினார்.